ஹோட்டல் பாயின்ட்: சேர்க்கவா, செலவழிக்கவா?

ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு புராஜெக்டுக்காக ஏழெட்டு மாதம் புனேயில் ஹோட்டல் வாசம். திங்கள் விடியற்காலை விமானம், வெள்ளி இரவு வீடு. பில்லைக் கம்பெனி கட்டியது, பாயின்ட் என் கணக்கில் ஏறியது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் 1,10,000 சொச்சம். அப்பா அம்மாவைக் கடற்கரையோரமாக ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அதை அப்படியே வைத்திருந்தேன். பையன் பரீட்சை முடியட்டும், அப்பா முட்டிவலி குறையட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் ஆப்பைத் திறந்தால் பூஜ்யம். நீண்ட நாள் கணக்கில் எந்த அசைவும் இல்லாததால் பாயின்ட் காலாவதியாகிவிட்டது. எச்சரிக்கை மெயில்கூட வந்திருக்கிறது, விளம்பர மெயில்களுக்கு நடுவில். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். விதியில் எழுதியிருந்தது, படிக்காதது நான்தான்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நம்மூரில் ஹோட்டல் என்றால் முதலில் இட்லி தோசைதான் ஞாபகம் வரும். இது தங்கும் ஹோட்டல்கள் கொடுக்கும் பாயின்ட் பற்றிய குறிப்பு. எல்லாத் திட்டங்களையும் சொன்னால் குழம்பும் என்பதால் நான் அதிகம் பயன்படுத்தும் மேரியட் பான்வாய் ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போடும் முறை எல்லாத் திட்டத்துக்கும் ஒன்றுதான்.

இந்தப் பாயின்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

விமானக் கம்பெனிகள்தான் முன்னோடி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ல் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டே வருடத்தில், 1983ல், ஹாலிடே இன்னும் மேரியட்டும் அதே வழியில் இறங்கின. 2016ல் மேரியட் ஸ்டார்வுட்டை வாங்கியது. இரண்டு திட்டங்களும் 2018ல் இணைந்து, 2019ல் பான்வாய் என்ற பெயர் வந்தது. இன்று 20 கோடிக்கு மேல் உறுப்பினர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மேரியட் பெயர்ப்பலகை தொங்கும் கட்டடங்களில் மேரியட்டுக்குச் சொந்தமானவை மிகச் சில. மற்றவை வேறு முதலாளிகளுடையவை. பெயரும், சில இடங்களில் நிர்வாகமும் மட்டும்தான் மேரியட்டுடையது. நீங்கள் தங்கும்போது உங்கள் பில்லில் ஒரு பங்கை அந்த முதலாளி பாயின்ட் திட்டத்துக்குக் கட்டுகிறார். நீங்கள் பாயின்ட் கொடுத்து இலவசமாகத் தங்கும்போது, திட்டம் அந்த முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஹோட்டல் காலியாக இருக்கும் நாளில் கொஞ்சமாக, கிட்டத்தட்ட நிரம்பிய நாளில் சராசரி வாடகைக்குப் பக்கத்தில்.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. காலி அறையில் நம்மை உட்கார வைக்க யாருக்கும் பெரிய செலவில்லை. சீசன் இல்லாத நாளில் பாயின்ட் அறை தாராளமாகக் கிடைப்பதும், பொங்கல் விடுமுறையில் காணாமல் போவதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம், நாம் இன்னும் செலவழிக்காத பாயின்ட் எல்லாம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் கடன். மேரியட்டின் ஆண்டறிக்கையில் இந்தக் கடன் மட்டும் 600 கோடி டாலருக்கு மேல். சாதாரணக் கடனில் கடன் வாங்கியவர் வட்டி கட்ட வேண்டும். இந்தக் கடனில் வட்டி கிடையாது. அதோடு, ஒரு பாயின்டுக்கு எவ்வளவு பொருள் கொடுப்பது என்பதையும் கடன்காரரே தீர்மானிக்கலாம்! முன்பெல்லாம் எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்று ஓர் அட்டவணை இருந்தது. மேரியட் 2022 மார்ச்சில் அதிலிருந்து விலகியது. இப்போது அறை வாடகை மாதிரியே பாயின்ட் விலையும் நாளுக்கு நாள் மாறும். அதனால் பாயின்டை ஃபிக்சட் டெபாசிட் மாதிரி நினைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்த பால் மாதிரி நினைக்க வேண்டும்.

ஒரே ஒரு வகுத்தல்

ஒரு பாயின்ட் என்ன பெறும்? அறைக்குக் கட்டவேண்டிய மொத்தப் பணத்தைத் தேவையான பாயின்டால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓர் அறை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,500க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18%. ஆக 10,620 ரூபாய். அதே அறைக்கு 15,000 பாயின்ட் கேட்கிறார்கள். 10,620ஐ 15,000ஆல் வகுத்தால் சுமார் 71 பைசா.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுவார்கள். முதலாவது, வரியை விட்டுவிடுவது. பாயின்டில் எடுத்த அறைக்கு நான் தங்கிய இடங்களில் வரி கேட்டதில்லை. ஆகவே வரி சேர்ந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 5%தான். அதாவது மலிவான அறையில் பாயின்ட் மிச்சப்படுத்தும் வரி குறைவு, விலை உயர்ந்த அறையில் அதிகம்.

இரண்டாவது, பணம் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் பாயின்டை மறந்துவிடுவது. பெரும்பாலான மேரியட் பிராண்டுகளில் ஒரு டாலருக்கு 10 பாயின்ட், அதுவும் வரி போக உள்ள தொகைக்கு. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய்க்கு 1,000 பாயின்ட். இலவசமாகத் தங்கினால் இந்த 1,000 கிடைக்காது. எனவே 15,000 அல்ல, 16,000ஆல் வகுப்பதே நியாயம். 66 பைசா வருகிறது.

என் வரையறை இது: 60 பைசாவுக்குக் கீழே வந்தால் பணம் கட்டுவேன். 70க்கு மேலே வந்தால் யோசிக்காமல் பாயின்ட். நடுவில் இருந்தால் அந்த மாதச் சம்பளக் கணக்கைப் பொறுத்தது.

விசுவாசத்தின் விலை ஏழு சதவீதம்

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். 10,620 ரூபாய் கட்டி 1,000 பாயின்ட் வாங்குகிறோம். பாயின்ட் 70 பைசா என்றால் 700 ரூபாய். அதாவது, கட்டிய பணத்தில் ஏறக்குறைய 6.6% தள்ளுபடி. இவ்வளவுதான் சாதாரண உறுப்பினருக்கு இந்தத் திட்டம் தருவது.

அப்படியென்றால், பக்கத்தில் இருக்கும் வேறொரு நல்ல ஹோட்டல் 15% மலிவாக இருந்தால் அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். பாயின்டுக்காக 1,500 ரூபாய் அதிகம் கொடுத்து 700 ரூபாய் வாங்குவது வியாபாரம் இல்லை. நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

ஒரே ஹோட்டல், இரண்டு இடத்தில் இரண்டு விலை என்றால் என்ன செய்வது? மேக்மைட்ரிப் போன்ற தளங்களில் எடுத்தால் பாயின்டும் வராது, தங்கிய இரவும் கணக்கில் சேராது. முதலில் ஹோட்டலின் சொந்த ஆப்பில் உறுப்பினர் விலையைப் பாருங்கள். வெளித்தளத்தில் விலை உண்மையிலேயே குறைவு என்றால், மேரியட்டில் நேரடியாகப் பதிவு செய்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் ஆதாரத்தோடு முறையிடலாம். ஒத்துக்கொண்டால் அந்த விலைக்கு இறக்கி, மேற்கொண்டு 25% தள்ளுபடியோ 5,000 பாயின்டோ தருவார்கள். அதே அறை வகை, அதே தேதி, அதே ரத்து விதி என்று எல்லாம் பொருந்தினால்தான் எடுபடும்.

பொய்யான லாபம்

இணையத்தில் நிறையப் பேர் காட்டும் கணக்கு வேறு மாதிரி இருக்கும். ‘ஒரு இரவு 60,000 ரூபாய் வில்லாவை 50,000 பாயின்டில் எடுத்தேன், பாயின்டுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா’ என்பார்கள். வகுத்தல் சரிதான். ஆனால் ஒரு கேள்வி. பாயின்ட் இல்லையென்றால் அந்த வில்லாவுக்கு நீங்கள் 60,000 ரூபாய் கட்டியிருப்பீர்களா?

நான் கட்டியிருக்க மாட்டேன். அந்த ஊருக்குப் போயிருந்தால் 10,000 ரூபாய் அறையில் தங்கியிருப்பேன். எனக்கு மிச்சமானது 10,000 ரூபாய்தான். அப்படிப் பார்த்தால் பாயின்டுக்கு 20 பைசா. சந்தோஷத்துக்காகப் போனால் தாராளமாகப் போகலாம். சம்பாதித்ததை அனுபவிப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதை லாபம் என்று எழுதக் கூடாது. வகுத்தலில் மேலே போட வேண்டிய எண் பலகை விலை அல்ல, நம் பையிலிருந்து உண்மையில் போயிருக்கும் பணம். இந்த ஒரு திருத்தம் செய்தபிறகு என் முடிவுகள் பாதி மாறிவிட்டன.

ஸ்டேட்டஸ் என்னும் மயக்கம்

வருடத்துக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 என்றால் கோல்டு, 50 என்றால் பிளாட்டினம். கோல்டுக்கு 25% கூடுதல் பாயின்ட், அறை காலியிருந்தால் மதியம் 2 மணி வரை தங்கலாம். உண்மையான வித்தியாசம் பிளாட்டினத்தில்தான் ஆரம்பிக்கிறது: 50% கூடுதல் பாயின்ட், பெரும்பாலான பிராண்டுகளில் காலை உணவு, ரிசார்ட்டும் மாநாட்டு ஹோட்டலும் தவிர மற்ற இடங்களில் மாலை 4 மணி வரை அறை.

டிசம்பர் வந்ததும் இது ஒரு வியாதியாக மாறும். நண்பர் ஒருவர் 44 இரவில் நின்றார். ஆறு இரவு குறைகிறது. சொந்த ஊரிலேயே மலிவாக ஓர் அறை எடுத்து, செக்-இன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினார். இரவுக்கு 5,000 ரூபாய், வரியோடு மொத்தம் 31,500. பிளாட்டினம் வந்தது. அடுத்த வருடம் அவருக்கு வீட்டிலிருந்தே வேலை!

செய்வதற்கு முன் கேட்க வேண்டியது இது: அடுத்த வருடம் என் சொந்தக் காசில் எத்தனை இரவு தங்கப் போகிறேன்? ஆபீஸ் பயணத்தில் காலை உணவு எப்படியும் கம்பெனி கணக்குதான். ஆகவே அது எனக்கு லாபமே இல்லை. சொந்தப் பயணத்தில் பத்து இரவு, இரண்டு பேர் காலை உணவு 1,500 ரூபாய் என்றால் 15,000. அதற்கு மேல் செலவழித்து ஸ்டேட்டஸ் வாங்கினால் அது பெருமைக்கு வாங்கியது. வேலையின் போக்கில் தானாக வந்தால் வரட்டும். ஒரு வருடம் சம்பாதித்த ஸ்டேட்டஸ் அடுத்த வருடம் முழுக்கவும் அதற்கடுத்த பிப்ரவரி வரையும் நிற்கும்.

உண்மையில் பலன் தரும் விதிகள்

ஐந்தாவது இரவு. பாயின்டில் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் நான்குக்குத்தான் பாயின்ட், அதில் மலிவான இரவு இலவசம். மேலே சொன்ன உதாரணத்தில் 53,100 ரூபாய் பெறும் ஐந்து இரவு 60,000 பாயின்டில் முடியும். 71 பைசா 88 பைசாவாகிறது. நான்கு இரவு போவதாக இருந்தால் ஐந்தாகப் பார்த்துவிடுங்கள்.

முன்கூட்டிப் பதிவு. பாயின்ட் அறைகள் பெரும்பாலும் ரத்து செய்யக்கூடியவை. ஆகவே தேதி தெரிந்ததும் எடுத்துவைத்து, நடுவில் இரண்டு முறை விலையைப் பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாக எடுத்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம். ரத்துக்கான கடைசித் தேதி ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், அதை நாள்காட்டியில் போட்டுக்கொள்ளவும்.

மூன்று அறை. குடும்பமாகப் போகும்போது ஓர் உறுப்பினர் தானும் ஓர் அறையில் தங்கி, மூன்று அறைக்கும் பணம் கட்டினால் மூன்றுக்கும் பாயின்ட் அவருக்கு வரும். இரவுக் கணக்கு மட்டும் ஓர் அறைக்குத்தான்.

கல்யாணம். இதுதான் நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது. ஹோட்டலில் நிகழ்ச்சி நடத்துபவருக்கு ஒரு டாலர் செலவுக்கு 2 பாயின்ட், ஒரு நிகழ்ச்சிக்கு 60,000 வரை. ஸ்டேட்டஸ் இருந்தால் உச்சவரம்பு இன்னும் அதிகம். 18 லட்சம் ரூபாய் கல்யாணச் செலவு என்றால் 20,000 டாலர், 40,000 பாயின்ட். பணம் கட்டியபிறகு கேட்டால் கிடைப்பது சிரமம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் உறுப்பினர் எண்ணை அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

காலாவதி. பான்வாயில் 24 மாதம் எந்த அசைவும் இல்லையென்றால் பாயின்ட் போய்விடும். சேர்ப்பதும் அசைவு, செலவழிப்பதும் அசைவு. குடும்பத்தினருக்குப் பாயின்டை மாற்றித்தரலாம், வருடத்துக்கு 1,00,000 வரை. ஆனால் அந்த மாற்றம் அசைவாகக் கணக்கில் வராது. திட்டத்துக்குத் திட்டம் இந்தக் கால அளவு மாறும். அக்கார் திட்டத்தில் 365 நாள்தான். என் அனுபவத்துக்குப் பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் போனில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

பாயின்ட் வாங்குவது. மேரியட் 1,000 பாயின்டை 12.50 டாலருக்கு விற்கிறது. அதாவது பாயின்டுக்கு ஒரு ரூபாய்க்கு மேல். 70 பைசா பொருளை ஒரு ரூபாய் கொடுத்து வாங்குவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: கையில் இருப்பதோடு இரண்டாயிரம் மூவாயிரம் சேர்ந்தால் ஒரு முழு இரவு கிடைக்கும் என்ற நிலை.

கிளப் மேரியட். பலர் இதையும் பான்வாயையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இது வருடச் சந்தா கட்டி வாங்கும் சாப்பாட்டுத் தள்ளுபடி அட்டை. பான்வாய் இலவசம். போனில் யாராவது விற்க வந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக

இரண்டாவது முறை சேர்ந்த பாயின்டும் கடற்கரைக்குப் போகவில்லை.

ஹைதராபாத் புராஜெக்டில் பிளாட்டினமும் எண்பதாயிரத்துச் சொச்சம் பாயின்டும் வந்திருந்தன. அந்த நேரத்தில் அப்பாவுக்குச் சென்னையில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவர்தான் தங்கலாம். அம்மா, தங்கை, நான் மூவரும் மாறி மாறிப் போய்வரப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும். ஆட்டோவில் பத்து நிமிடத்தில் ஒரு ஹோட்டல். ஐந்து இரவு எடுத்தேன், நான்குக்குப் பாயின்ட் போனது. பழக்கதோஷத்தில் வகுத்துப் பார்த்தேன், 64 பைசா. எந்தப் பயண எழுத்தாளரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண் இல்லை.

ஆனால் அது முழுக்க நிஜமான பணம். பாயின்ட் இல்லையென்றால் அன்றைக்கு அந்தப் பணத்தைக் கட்டாயம் கட்டியிருப்பேன். காலையில் அம்மா கீழே போய் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அறுவை சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கே டாக்டர் போகலாம் என்றுவிட்டார். இன்சூரன்ஸ் ஒப்புதல் வர மதியம் மூன்றேகால். அதுவரைக்கும் பெட்டி படுக்கையோடு வரவேற்பறையில் உட்காராமல் அம்மா அறையில் படுத்திருந்தார். நான்கு மணி செக்-அவுட் என்பதன் மதிப்பை அதுவரை நான் எந்த வகுத்தலிலும் சேர்த்ததில்லை.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். மிச்சம் இருபதாயிரத்துச் சொச்சம் பாயின்ட் இருக்கிறது. இந்த மாத இறுதியில் ஒரு சனிக்கிழமைக்கு ஈசிஆர் பக்கம் ஓர் அறை பதிவு செய்துவிட்டேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மழையும் வரலாம் என்கிறார்கள். ஆனாலும் போகிறோம்.